பிரிட்டிஷ் நையாண்டி ஒரு பக்கம் சாய்கிறதா? உட்கார்ந்து பார்த்து முடிவு சொல்வது எப்படி

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பாதிப் பேர் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருக்கிறார்கள். மீதிப் பேர் நர்ஸ் வேலைக்கும் கணக்கர் வேலைக்கும் இங்கிலாந்து போய் அங்கேயே தங்கிவிட்டவர்கள். அவர்களில் யாராவது பிபிசியில் வந்த அரசியல் நையாண்டியிலிருந்து இரண்டு நிமிடத் துண்டை அனுப்பினால் போதும், அன்று முழுக்க ஃபோன் ஓயாது. "பிபிசிக்காரன் எல்லாம் இடதுசாரி. கன்சர்வேடிவ் கட்சியைத் தவிர வேற யாரையும் தொடமாட்டான்" என்பார் ரெடிங்கில் இருக்கும் பெரியப்பா. "இடதுசாரியா? அரசாங்கத்துக்குப் பயந்து நிகழ்ச்சியையே நிறுத்தினவங்க பெரியப்பா அவங்க" என்பாள் மான்செஸ்டரில் படிக்கும் என் நாத்தனார் மகள். இரண்டு பேருக்கும் கையில் இருக்கும் ஆதாரம் அந்த இரண்டு நிமிடம்தான்.

நான் டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியை. மதுரைப் பக்கம் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். மெட்ரிக் ஆங்கிலம் முதல் தாளில் கேலிச்சித்திரம் ஒன்றைக் கொடுத்து, இது யாரைக் கிண்டல் செய்கிறது, எப்படிச் செய்கிறது, படம் வரைந்தவரின் நிலைப்பாடு என்ன என்று கேட்பார்கள். அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது என் வேலை. அந்த முறையையே தொலைக்காட்சிக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும் என்று சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு வரும் பெரிய பிள்ளைகளோடும் அவர்களைக் கூட்டிவரும் பெற்றோரோடும் செய்துபார்த்து வருகிறேன். நீங்களும் வீட்டில் செய்யலாம். ஒரு நோட்டும் முழு எபிசோடுகள் இரண்டும் போதும்.

இரண்டு புகாரையும் பிரித்து வையுங்கள்

"முன்ன மாதிரி இல்லை" என்பது ஒரு புகார். "ஒரு பக்கம் சாயுது" என்பது இன்னொன்று. பேசும்போது இரண்டும் கலந்துவிடும். சாய்வு இருந்தும் அற்புதமாக இருந்த நிகழ்ச்சிகள் உண்டு. எல்லாக் கட்சிக்கும் சரிபாதி பங்கு வைத்துவிட்டு உப்புச்சப்பில்லாமல் போனவையும் உண்டு.

'யெஸ் மினிஸ்டர்' தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். 1980இல் பிபிசியில் தொடங்கியது. எழுதியவர்கள் ஆண்டனி ஜேயும் ஜோனதன் லின்னும். ஜே வலதுசாரிச் சிந்தனைக்காரர், அரசாங்கம் சுருங்க வேண்டும் என்று நம்பியவர். தொடரின் அடியில் அந்த நம்பிக்கைதான் ஓடுகிறது: அதிகாரிகள் தங்கள் துறையை வளர்ப்பார்கள், மக்களுக்கு எதுவும் செய்யமாட்டார்கள். வலதுசாரிக் கன்சர்வேடிவ் கட்சியின் பிரதமர் மார்கரெட் தாட்சருக்கு மிகவும் பிடித்த தொடர். 1984இல் ஒரு விருது விழாவில் அந்த நடிகர்களோடு சேர்ந்து ஒரு குட்டிக் காட்சியில் அவரே நடித்தார். அப்படியும் எதிர்முகாமான இடதுசாரி லேபர் கட்சிக்காரர்கள் அதைப் பார்த்து ரசித்துச் சிரித்தார்கள். காரணம், ஒரு கோப்பு எப்படி மேசை மேசையாக நகர்ந்து காணாமல் போகும் என்று எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆகவே நோட்டில் தரத்துக்கு ஒரு பக்கமும் சாய்வுக்கு ஒரு பக்கமும் ஒதுக்குங்கள். ஒன்றில் எழுதியதை மற்றதற்குச் சாட்சியாக இழுக்காதீர்கள்.

துண்டு வேண்டாம், முழு எபிசோடு வேண்டும்

பிபிசி நிகழ்ச்சிகளை இணையத்தில் பார்க்கும் ஐபிளேயர் தென்னாப்பிரிக்காவில் திறக்காது. பழைய தொடர்கள் டிவிடியில் கிடைக்கின்றன. புதியவற்றைப் பார்க்க, விடுமுறைக்கு அங்கே போகும்போது உட்காருங்கள். இல்லையென்றால் அங்கிருக்கும் உறவினரையே நோட்டைப் பிடிக்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் நாத்தனார் மகள்தான் அங்கே அந்த வேலையைச் செய்கிறாள். நான் கேள்விகளை அனுப்புவேன், அவள் எபிசோடைப் பார்த்துக் குறித்து அனுப்புவாள்.

ஏன் முழுசாக? அரை மணி நேர நிகழ்ச்சியிலிருந்து எந்த இரண்டு நிமிடத்தை வெட்டி அனுப்புவது என்று முடிவுசெய்பவர், தன் கூட்டாளிகள் எதைப் பகிர்வார்கள் என்று பார்த்துத்தான் வெட்டுகிறார். வெட்டியவரின் சாய்வு நமக்கு நிகழ்ச்சியின் சாய்வாகத் தெரிகிறது. லேபர் கட்சியைப் பிடித்து உலுக்கிய நாலு நிமிடம் அதே எபிசோடில் இருந்திருக்கலாம். அது நம் ஃபோனுக்கு வந்து சேரவே சேராது.

பக்கத்தின் உச்சியில் தேதியை எழுதுங்கள், கூடவே அப்போது ஆட்சியில் இருந்தது யார் என்றும் எழுதுங்கள்

இந்த ஒரு வரியிலேயே பாதிச் சண்டை தீர்ந்துவிடும். 2010 மே முதல் 2024 ஜூலை வரை பதினான்கு ஆண்டு கன்சர்வேடிவ் பிரதமர்கள்தான் (முதல் ஐந்து ஆண்டு லிபரல் டெமாக்ரட்களோடு கூட்டணி). நாத்தனார் மகளுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அவள் பார்த்தது ஒரே கட்சியின் ஆட்சி. அந்தக் காலத்தில் வந்த கிண்டல்களை எண்ணினால் கன்சர்வேடிவ் பக்கம்தான் குவியும். நையாண்டியின் வேலை அதிகாரத்தில் இருப்பவரைத் தொடுவது. அந்த எண்ணிக்கையை வைத்து மட்டும் சாய்வு என்று சொல்வது நியாயமில்லை.

சோதிக்க வேண்டுமென்றால் பின்னால் போங்கள். 1997 முதல் 2010 வரை லேபர் ஆட்சி. அப்போது சேனல் 4இல் ரோரி பிரெம்னரும் ஜான் பேர்டும் ஜான் ஃபார்ச்சூனும் ஈராக் போருக்காகப் பிரதமர் டோனி பிளேரை விட்டுவைக்கவில்லை. 2005இல் அர்மாண்டோ இயானுச்சி தொடங்கிய 'தி திக் ஆஃப் இட்', லேபர் ஆட்சியில் செய்திகளைத் திரித்துப் பரப்பும் ஆட்களின் கூடாரத்தையே கிழித்துக் காட்டியது. இவர்களில் யாரும் வலதுசாரி இல்லை.

நம் ஊரிலும் இதே கணக்குத்தான். 1994 முதல் முப்பது ஆண்டு மண்டேலாவின் கட்சியான ஏஎன்சி தனிப்பெரும்பான்மையோடு ஆண்டது. கேலிச்சித்திரக்காரர் ஜப்பிரோ, அதாவது ஜோனதன் ஷப்பிரோ, ஏஎன்சியையே வரைகிறார் என்று எத்தனை பேர் கொதித்தார்கள்! அவர் நிறவெறி அரசை எதிர்த்து வரைந்தவர், 1988இல் பாதுகாப்புப் போலீஸ் பிடித்து வைத்தவர் என்பதை அந்தக் கோபத்தில் மறந்தேபோனார்கள். 2024 மே தேர்தலில் ஏஎன்சி 40.18 சதவீதத்துக்கு இறங்கி, அதுவரை எதிர்க்கட்சியாக இருந்த டிஏ உட்படப் பல கட்சிகளோடு சேர்ந்து ஆட்சி அமைத்திருக்கிறது. இந்தக் கூட்டணி ஆட்சியில்தான் நம் நாட்டு நையாண்டிக்காரர்களின் சாய்வை நேர்மையாக அளக்க முடியும். அமைச்சர் நாற்காலி இப்போது பல கட்சிக்காரர்களிடம் இருக்கிறது.

ஒவ்வொரு கிண்டலுக்கும்: செயலா, சாயலா?

எபிசோடு ஓடும்போது ஒவ்வொரு கிண்டலுக்கும் மூன்று விஷயம் குறியுங்கள். யாரை? எதற்காக? அது புரிய என்ன தெரிந்திருக்க வேண்டும்? இரண்டாவது கேள்விக்கு நாங்கள் வகுப்பில் ஓர் எழுத்துத்தான் போடுவோம். ஒருவர் செய்த செயலைத் தொட்டால் 'செ'. அவருடைய முகம், முடி, குரல், உடம்பைத் தொட்டால் 'சா'. மூன்றாவது கேள்விக்கு "ஒன்றும் தெரிய வேண்டாம்" என்பது பதிலானால் ஒரு கோடு மட்டும் போடுங்கள்.

'தட் வாஸ் தி வீக் தட் வாஸ்' பிபிசியில் 1962 நவம்பர் 24 அன்று தொடங்கிய நிகழ்ச்சி. தயாரிப்பு நெட் ஷெரின், தொகுப்பாளர் டேவிட் ஃப்ராஸ்ட். சனிக்கிழமை இரவில் ஒரு கோடிப் பேருக்கு மேல் அதைப் பார்த்த காலம் உண்டு. அதில் ஒரு வாரம், தேர்தலில் ஜெயித்ததிலிருந்து நாடாளுமன்றத்தில் வாயே திறக்காத உறுப்பினர்கள் யார் யார் என்று பெயர் சொல்லிக் காட்டினார்கள். சபைக் குறிப்பேட்டை யாரோ உட்கார்ந்து புரட்டியிருக்கிறார்கள். அந்த உழைப்புத்தான் அங்கே நகைச்சுவை. உறுப்பினர்களுக்குக் கோபம் வந்தது, ஆனால் "நான் பேசினேனே" என்று மறுக்க வழியில்லை. இப்படி ஒரு வரி வந்தால் நோட்டில் 'செ' போட்டு அடிக்கோடும் போடுங்கள். போரிஸ் ஜான்சனின் கலைந்த தலைமுடி பற்றி ஒரு வரி வந்தால் அது 'சா'. அதை எந்தக் கட்சிக்காரரும் சொல்லலாம், ஜான்சனுக்கும் வலிக்காது. அவரே முடியைக் கலைத்துவிட்டுத்தான் கேமரா முன் வருவார்.

சில சமயம் சாயல் போலத் தெரிவது செயலாக இருக்கும். நம் ஆட்களுக்கு ஜப்பிரோ வரைந்த முன்னாள் அதிபர் ஜேகப் ஜுமாவைக் காட்டினால் உடனே விளங்கும். ஜுமாவின் தலையில் முளைத்த ஷவர் குழாய் வெறும் உருவக் கேலி இல்லை. 2006இல் பாலியல் வல்லுறவு வழக்கில் (அதில் அவர் விடுதலையானார்) எச்ஐவி ஆபத்தைக் குறைக்கக் குளித்ததாக அவரே சாட்சிக் கூண்டில் சொன்னார். குழாய் அங்கிருந்து வந்தது. ஒரு தலைவரின் வாய்ச்சொல் அவர் தலையிலேயே உட்கார்ந்துகொண்டது. அது 'செ'.

எதிர்ப்பக்கத்துக்கும் ஓர் உதாரணம் வேண்டும். 1984 முதல் 1996 வரை ஐடிவியில் வந்த 'ஸ்பிட்டிங் இமேஜ்', பீட்டர் ஃப்ளக்கும் ரோஜர் லாவும் செய்த ரப்பர் பொம்மைகளின் நிகழ்ச்சி. உச்சத்தில் ஒன்றரைக் கோடிப் பேர் பார்த்தார்கள். தாட்சரை ஆண்டுக்கணக்கில் வறுத்தெடுத்தது, லேபர் தலைவர் நீல் கின்னக்கை வளவளவென்று பேசுபவராகக் காட்டியது. ஆனால் அதில் மிக ஆழமாகக் காயப்பட்டவர்களில் ஒருவர் லிபரல் கட்சித் தலைவர் டேவிட் ஸ்டீல். கூட்டணிக் கட்சியான எஸ்டிபியின் தலைவர் டேவிட் ஓவனின் சட்டைப் பையில் குந்தியிருக்கும் குட்டிப் பொம்மையாக அவரைச் செய்துவிட்டார்கள். இப்போது கணக்கைப் பாருங்கள்: 1983 தேர்தலில் லிபரல்களுக்கு 17 இடம், எஸ்டிபிக்கு 6. பெரிய பங்காளி ஸ்டீல்தான். பொம்மை சொன்னது அதற்கு நேர் எதிர். சிரிப்பு மட்டும் ஒட்டிக்கொண்டது, அது தனக்குக் கெடுதல் செய்தது என்று ஸ்டீலே பிற்பாடு சொன்னார். இந்தச் சாய்வுக்கு இடதும் கிடையாது, வலதும் கிடையாது. உயரமான, கம்பீரமான ஆள்தான் தலைவர் என்று நம் எல்லார் மனசிலும் இருக்கும் சாய்வு அது. வகுப்பில் இந்த உதாரணத்தில் நான் அதிக நேரம் நிற்பேன். கட்சியை மட்டும் தேடினால் இந்த மாதிரிச் சாய்வு கண்ணிலேயே படாது.

ஆளை மாற்றிப் பாருங்கள்

சாய்வைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஒரே மாதிரிச் செயலை இரண்டு கட்சிக்காரர்களும் செய்த சந்தர்ப்பத்தைப் பிடியுங்கள். அந்த இரண்டு வாரங்களையும் ஒரே நிகழ்ச்சி எப்படிக் கையாண்டது என்று ஒப்பிடுங்கள்.

கைக்கெட்டும் ஜோடி ஒன்று சொல்கிறேன். 2021இல் பிரதமரின் டவுனிங் தெருக் குடியிருப்பை அழகுபடுத்தும் செலவுக்குக் கட்சி நன்கொடையாளர் ஒருவரின் பணம் போனது என்று போரிஸ் ஜான்சன் மாட்டினார். 2024 செப்டம்பரில் லேபர் பிரதமர் கீர் ஸ்டார்மருக்குத் துணிமணியும் மூக்குக்கண்ணாடியும் வாங்கப் பணம் கொடுத்தது லேபர் கட்சி நன்கொடையாளர் என்று செய்தி வந்தது. இருவருமே அடுத்தவர் காசில் அனுபவித்ததாகத்தான் குற்றச்சாட்டு. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து வாரச் செய்தியைக் கிண்டல் செய்யும் பிபிசி நிகழ்ச்சி 'ஹாவ் ஐ காட் நியூஸ் ஃபார் யூ' 1990 முதல் இன்றுவரை ஓடுகிறது. அந்த இரண்டு ஆண்டுகளின் எபிசோடுகளை எடுத்து 'செ', 'சா' போடுங்கள். ஒருவருக்கு எல்லாம் 'செ', மற்றவருக்கு எல்லாம் செல்லமான 'சா' என்று வந்தால் சாய்வு உண்டு. தொகைகள் வேறு, சூழ்நிலை வேறு, ஆகவே நிமிடக் கணக்கு சமமாக இருக்க வேண்டியதில்லை. அடியின் தன்மை ஒன்றா என்று மட்டும் பாருங்கள்.

நாடாளுமன்ற உறுப்பினர்கள் சொந்தச் செலவை அரசுப் பணத்தில் கேட்டது வெளிவந்த 2009 செலவுப்பட்டியல் ஊழலும் நல்ல சோதனை. எல்லாக் கட்சிக்காரர்களும் மாட்டிய வாரங்கள் அவை. கன்சர்வேடிவ் உறுப்பினர் ஒருவர் குளத்து வாத்துகளுக்கு வீடு வைக்க 1,645 பவுண்டு கேட்டிருந்தார். அந்த வாத்து வீடு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது. மற்றக் கட்சிக்காரர்கள் கேட்ட தொகைகள் அந்த அளவுக்கு ஞாபகம் இல்லை. அது நையாண்டிக்காரர்களின் சாய்வா, வாத்து வீடு கண்முன் படமாக நிற்கக்கூடியது என்பதாலா? என் தீர்ப்பு இரண்டாவது. பிள்ளைகள் ஒத்துக்கொள்வதில்லை, அதுவும் நல்லதே.

அரங்கத்தைக் கேளுங்கள்

கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நிமிடம் கேளுங்கள். சிரிப்பு வெடித்து வருகிறதா, கைதட்டல் வருகிறதா? சிரிப்பு நம்மை மீறி வரும். கைதட்டல் யோசித்து வரும். அது "நானும் அப்படித்தான் நினைக்கிறேன்" என்ற ஒப்புதல். ஓர் எபிசோடில் கைதட்டல் மிஞ்சினால், மேடையில் இருப்பவர்கள் தங்களோடு ஏற்கெனவே ஒத்துப்போகிறவர்களுக்காகப் பேசுகிறார்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். கோயில் மண்டபக் கூட்டத்தில் தலைவர் பேசும்போது வரும் தட்டலும், பிள்ளைகள் போடும் நாடகத்தில் அதே தலைவரை நடித்துக் காட்டும்போது வரும் சிரிப்பும் வேறு வேறு என்று நம் காதுக்கு நன்றாகத் தெரியும்.

யார் அந்த மேசையில் இல்லை?

இது பெரியப்பாவின் பக்கம் நிற்கும் கேள்வி. அவருக்கு நியாயம் உண்டு. 2016 வாக்கெடுப்பில் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேற வேண்டும் என்று வாக்களித்தவர்கள் 51.9 சதவீதம். அவர்களில் ஒருவராக இந்த நையாண்டி நிகழ்ச்சிகளின் மேசையில் உட்கார்ந்து பேசிய நகைச்சுவைக்காரர்கள் மிகச் சிலர்தான். ஜெஃப் நார்காட் போன்ற ஓரிருவரின் பெயர்தான் திரும்பத் திரும்ப வரும், அவரும் பெரும்பாலும் தனி ஆளாகத்தான் உட்கார்ந்திருப்பார். பாதி நாடு தங்கள் வாயால் பேசாமல், அடுத்தவர் வாயில் கிண்டலுக்கு மட்டும் வந்துபோகிறது என்றால் அது சாய்வுதான். மழுப்ப வேண்டாம்.

யாரோ தலைவர் உத்தரவு போட்டு வந்த சாய்வு இல்லை இது. ஆள் வரும் வழியில் வருகிறது. 1960களில் பீட்டர் குக், டேவிட் ஃப்ராஸ்ட், ஜான் கிளீஸ் எல்லாரும் கேம்பிரிட்ஜ் ஃபுட்லைட்ஸ் என்ற ஒரே மாணவர் மன்றத்து ஆட்கள். இன்று பெரிய நகரங்களின் நகைச்சுவை மேடைகளிலிருந்து வருகிறார்கள். ஒரே தெருவில் வாழ்பவர்களுக்கு ஒரே கவலைகள்தான் இருக்கும். அதனால் நோட்டில் மேசையில் இருப்பவர்களின் பெயருக்கு நேரே அவர் எங்கிருந்து வந்தவர் என்று குறிக்கச் சொல்வேன்.

'தி மாஷ் ரிப்போர்ட்' கதையை இந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 2017இல் பிபிசி 2இல் தொடங்கியது. இந்திய வம்சாவளியைச் சேர்ந்த நிஷ் குமார் தொகுப்பாளர். 2018இல் பிபிசியின் சொந்த அரசியல் தொகுப்பாளர் ஆண்ட்ரூ நீலே அதை இடதுசாரிப் பிரச்சாரம் என்று வெளிப்படையாகத் தாக்கினார். 2020 செப்டம்பரில் டிம் டேவி தலைமை இயக்குநர் ஆனார். பிபிசி நகைச்சுவை இடது பக்கம் சாய்வதாக அவர் நினைக்கிறார் என்று அன்றே நாளிதழில் செய்தி. 2021 மார்ச்சில் நிகழ்ச்சி நின்றது. புதிய நகைச்சுவைகளுக்கு இடம் வேண்டும் என்பது பிபிசி சொன்ன காரணம். நார்காட் தோன்றியது இந்த நிகழ்ச்சியில்தான் என்பதையும் மறக்காதீர்கள். வேறு குரலுக்கு இடம் கொடுக்க முயன்ற நிகழ்ச்சியும் அதுவே.

தரத்தின் பக்கம்: பணம், பயம், விருந்தாளி

இங்கே என் நாத்தனார் மகள் சொல்வது பாதி சரி. 2021, 2022 இரண்டே ஆண்டில் 'மாஷ் ரிப்போர்ட்', 2005 முதல் ஓடிய 'மாக் தி வீக்', 'ஃப்ராங்கி பாய்ல்ஸ் நியூ வேர்ல்ட் ஆர்டர்', 2020இல் பிரிட்பாக்ஸ் என்ற இணையச் சேவையில் மறுபடி வந்த 'ஸ்பிட்டிங் இமேஜ்' என்று வரிசையாகப் போயின. 'ஸ்பிட்டிங் இமேஜ்' பிபிசியே இல்லை, அதை எந்த டிம் டேவியும் நிறுத்தவில்லை. அரசியல் பயம் மட்டும் காரணம் என்றால் இந்தப் பட்டியல் பொருந்தாது. பணத்தையும் பாருங்கள். 2022 ஜனவரியில் பிரிட்டிஷ் அரசு, பிபிசியை நடத்தும் பணமான தொலைக்காட்சி லைசென்ஸ் கட்டணத்தை இரண்டு ஆண்டுக்கு 159 பவுண்டிலேயே நிறுத்திவைத்தது, விலைவாசி ஏறிக்கொண்டிருந்த நேரத்தில். பொம்மை செய்யக் கைவினைஞர் வேண்டும், குரல் கொடுப்பவர் வேண்டும், எழுத ஒரு பட்டாளம் வேண்டும். ஆறு பேரை மேசைக்குப் பின்னால் உட்காரவைத்து வாரச் செய்தியைப் பேசவிடுவது மலிவு. மேசை நிகழ்ச்சிகள் பெருகினதற்கு அது பெரிய காரணம். அதில் சபைக் குறிப்பேட்டைப் புரட்ட யாருக்கும் நேரமில்லை. ஆகவே 'சா' கூடுகிறது, 'செ' குறைகிறது. என்னைக் கேட்டால் கட்சிச் சாய்வைவிட இதுதான் பெரிய இழப்பு. எதுவும் தெரியாமலே சிரிக்கவைக்கும் கிண்டல் எந்த அமைச்சரின் தூக்கத்தையும் கெடுக்காது.

பயம் புதியதில்லை. 1964 தேர்தல் ஆண்டு என்று சொல்லித்தான் ஃப்ராஸ்டின் நிகழ்ச்சியை 1963 டிசம்பரோடு முடித்தார்கள். 1979 தேர்தலுக்காக 'நாட் தி நைன் ஓ'கிளாக் நியூஸ்' என்ற பிபிசி நையாண்டித் தொடர் தள்ளிப்போனது. 2019 மேயில், ஐரோப்பியத் தேர்தலுக்கு முன்னால், ஒரு கட்சித் தலைவர் விருந்தாளியாக இருந்ததால் 'ஹாவ் ஐ காட் நியூஸ்' எபிசோடு ஒளிபரப்புக்குச் சற்று முன்னால் நிறுத்தப்பட்டது. நாடாளுமன்ற வீடியோவை நையாண்டி நிகழ்ச்சியில் பயன்படுத்தவே கூடாது என்று அங்கே விதி இருக்கிறது. 2011இல் அமெரிக்க 'டெய்லி ஷோ'வின் ஓர் எபிசோடை அதற்காகவே சேனல் 4 காட்டவில்லை.

நம்மோடு ஒப்பிட்டால் அவர்கள் கொடுத்துவைத்தவர்கள். இங்கே தொலைக்காட்சியே 1976இல்தான் வந்தது. நிறவெறிக்கு எதிராக பிரிட்டிஷ் நடிகர் சங்கமான ஈக்விட்டி தன் உறுப்பினர்களின் நிகழ்ச்சிகளை இங்கே விற்கத் தடை போட்டிருந்தது. என் மாமியார் தலைமுறை தாட்சர் பொம்மையைப் பார்த்ததே இல்லை. சுதந்திரம் வந்த பிறகு அதே பாணியில் ஜப்பிரோவின் கூட்டணி செய்த பொம்மை நிகழ்ச்சியின் முன்னோட்டத்தை நம் பொது ஒளிபரப்பு நிறுவனமான எஸ்ஏபிசி ஒளிபரப்ப மறுத்தது. அது 2009இல் இணையத்துக்குப் போனது. ஆண்டுக்கு 265 ராண்டு லைசென்ஸ் கட்டுகிறவர்களுக்கு அந்தச் சிரிப்பு எஸ்ஏபிசி வழியாகக் கிடைக்கவில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது.

மூன்றாவது காரணத்தில் கொஞ்சம் நில்லுங்கள். போரிஸ் ஜான்சன் 1998இல் 'ஹாவ் ஐ காட் நியூஸ்' மேசைக்குப் பத்திரிகையாளராக வந்தார். ஒரு நிருபரை அடிக்க ஆள் அனுப்ப நினைத்த நண்பர் அந்த நிருபரின் முகவரியை ஜான்சனிடம் கேட்ட ஃபோன் உரையாடலை, அந்த மேசையில் வாராவாரம் உட்காரும் இயன் ஹிஸ்லாப் நேருக்கு நேர் எடுத்துப் போட்டார். சுத்தமான 'செ'. ஜான்சன் திணறினார், தடுமாறினார், அந்தத் தடுமாற்றமே அரங்கத்துக்குப் பிடித்துப்போனது. மறுபடி கூப்பிட்டார்கள். 2002 முதல் தொகுப்பாளர் நாற்காலியிலேயே உட்காரவைத்தார்கள், பாஃப்டா விருதுக்கும் அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டது. 2008இல் லண்டன் மேயர், 2019இல் பிரதமர். நிகழ்ச்சிதான் அவரைப் பிரதமராக்கியது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இடதுசாரி என்று திட்டு வாங்கும் நிகழ்ச்சி ஒரு கன்சர்வேடிவ் தலைவரை நாட்டுக்கே செல்லப்பிள்ளையாக்கியது என்பதைச் சாய்வுக் கணக்கில் எந்தப் பக்கம் எழுதுவீர்கள்? அரசியல்வாதி விருந்தாளியாக வந்தால் நோட்டில் தனியாக ஒரு கேள்வி போடுங்கள்: போகும்போது அவர் எதையாவது இழந்துவிட்டுப் போனாரா, சம்பாதித்துக்கொண்டு போனாரா? 1994இல் நம் ஊர் எம்-நெட் சேனலில் நையாண்டிக்காரர் பீட்டர்-டர்க் ஊய்ஸ், எவிட்டா என்ற பெண் வேடத்தில் மண்டேலாவைப் பேட்டி கண்டதற்கும் இதே கேள்வியைக் கேளுங்கள். மண்டேலா சம்பாதித்துக்கொண்டுதான் போனார். நமக்கு அவரைப் பிடிக்கும் என்பதற்காக அதைக் குறிக்காமல் விடாதீர்கள்.

நம் சாய்வையும் ஒரு வரியில் எழுதுங்கள்

எபிசோடுக்கு முன்னால் ஒவ்வொருவரும் தன் பக்கத்தில் எழுத வேண்டும்: நான் எந்தக் கட்சிக்கு வாக்களிப்பேன், எந்தத் தலைவரைக் கிண்டல் செய்தால் எனக்குச் சுருக்கென்று இருக்கும். யாரும் காட்ட வேண்டாம், எழுதினால் போதும். நம் இந்தியச் சமூகத்து அரசியல்வாதி 'வங்கப் புலி' அமிச்சந்த் ராஜ்பன்சியை நம் ஆட்களே மேடையில் நடித்துக் காட்டினால் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கண்ணில் நீர் வரச் சிரிப்பார்கள். அதே கிண்டலை வேறு இனத்தார் செய்தால் முகம் சுருங்கிவிடும். இரண்டிலும் ஒரே 'செ'தான். சிரிப்பதும் சுளிப்பதும் சொல்கிறவரைப் பார்த்து மாறுகிறது. ரெடிங்கில் பெரியப்பாவுக்கு நிஷ் குமாரைக் கேட்டால் வரும் எரிச்சலில் இதில் ஒரு பங்கு உண்டா என்று அவர்தான் தன் நோட்டில் எழுத வேண்டும்.

புகார் கொடுப்பதாக இருந்தால்

நோட்டை முடித்த பிறகும் சாய்வு இருக்கிறது என்று தோன்றினால் எழுதிப் போடுங்கள். லைசென்ஸ் கட்டணம் கட்டுகிற உறவினர் பெயரில் போவது நல்லது. முதலில் பிபிசிக்கு, அங்கே திருப்தி இல்லையென்றால் ஒளிபரப்புக் கண்காணிப்பு அமைப்பான ஆஃப்காமுக்கு. 2017 ஏப்ரல் முதல் பிபிசியைக் கண்காணிப்பது ஆஃப்காம்தான். தென்னாப்பிரிக்கச் சேனல் என்றால் இங்குள்ள ஒளிபரப்புப் புகார் ஆணையமான பிசிசிஎஸ்ஏ. "நிகழ்ச்சி முழுக்க இடதுசாரி" என்று எழுதினால் அந்தக் கடிதத்தால் ஒன்றும் நடக்காது. நிகழ்ச்சியின் பெயர், தேதி, எந்த நிமிடம், எந்தச் செயலைச் சொன்னார்கள், அதில் எது தவறு, அதே செயலை மற்றக் கட்சிக்காரர் செய்த வாரத்தில் அதே நிகழ்ச்சி என்ன சொன்னது, இவ்வளவும் உங்கள் நோட்டிலேயே இருக்கும். அதை ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். கோபத்தைக் கடைசி வரியில் வைத்துக்கொள்ளலாம்.